உண்டு படுக்கும் வரை

பெங்களூரில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் விழும்போது, யாராவது ஒரு பாட்டி சொல்லிவிடுவார்: "கண்ட ஹெண்டிர ஜகள உண்டு மலகோ தனக." புருஷன் பெண்டாட்டி சண்டை சாப்பிட்டுப் படுக்கும் வரைதான் என்று அர்த்தம். கன்னடப் பழமொழிதான். ஆனால் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தமிழ் பேசும் வீடுகளில்கூட இதைக் கன்னடத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். சண்டையே வராது என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. வரும், ஆனால் அதன் ஆயுள் ஒரு ராத்திரி என்கிறது. விடிந்து பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது, நேற்றுச் சொன்ன வார்த்தை யாருக்கும் நினைவில் இருக்கக் கூடாது. இருந்தாலும் இல்லாததுபோல் நடந்துகொள்ள வேண்டும். குடும்பம் பாதி அந்த மறதியில்தான் ஓடுகிறது.

ரியாலிட்டி ஷோக்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றனவா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் நன்றாகவே பேச முடியும். அவை சண்டையின் ஆயுளை என்ன செய்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2013 வாக்கில் நான் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வட்டாராவில் குடியிருந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டு அக்கா கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவார். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் டிவியைப் போடுவார். 'சொல்வதெல்லாம் உண்மை' ஓடும். அழுகை, அதட்டல், மறுபடி அழுகை. அதைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் உரிப்பார். அவர் வீட்டுக்காரர் நல்லவர்தான், குடித்தால் மட்டும் கை நீளும். ஒரு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏறியது. வழக்கமாக அக்கா அழுவார், கதவு படாரென்று சாத்தும். அன்றைக்கு வேறொன்று கேட்டது: "இரு, உன்னைக் கொண்டுபோய் டிவியில உக்கார வெக்கிறேன்." சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது.

அந்த அமைதியை நான் மறக்கவே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் என்றால் அக்காவின் கணவர் பயப்பட்டிருக்க மாட்டார். மாமனாருக்கும் சாதிச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் பயந்தவர் இல்லை. ஊரே பார்க்கும் என்ற நினைப்புக்குப் பயந்தார். அக்காவின் கையில் அதுவரை இல்லாத ஓர் ஆயுதம் வந்திருந்தது. ரியாலிட்டி ஷோவைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஜீ தமிழில் 2011-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியை முதலில் நிர்மலா பெரியசாமி நடத்தினார், பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன். கன்னடத்தில் அதன் உடன்பிறப்பு 'பதுகு ஜட்கா பண்டி'. ஜீ கன்னடாவில் வந்தது. நடத்தியவர் மாளவிகா அவினாஷ். பாலசந்தரின் 'அண்ணி' தொடரால் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்த முகம். நிகழ்ச்சியின் பெயர் கன்னடக் கவிஞர் டி.வி. குண்டப்பாவின் 'மங்குதிம்மன கக்க' நூலிலிருந்து எடுத்தது. 1943-இல் வந்த அந்த நூலில் வாழ்க்கையை ஜட்கா வண்டியாகவும் விதியை வண்டிக்காரனாகவும் பார்க்கிற செய்யுள் ஒன்று உண்டு. கன்னடம் படித்த எவருக்கும் தெரியும். தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே அச்சில் நிகழ்ச்சிகள் வந்தன. வாதி ஒரு சோபாவில், பிரதிவாதி எதிர் சோபாவில், நடுவில் தொகுப்பாளர். ஒரு பக்கத்துக் கதை முடிந்ததும் மறுபக்கத்து ஆள் உள்ளே வருவார். கைகலப்பு வந்தால் பிரித்துவிட ஆள் நிற்பார்கள்.

கன்னடத்தில் இந்த வகை நிகழ்ச்சிகள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு தொழில் காரணமும் இருந்தது. கன்னடத் திரையுலகமும் சின்னத்திரையும் மொழிமாற்றுப் படைப்புகளை நெடுங்காலம் உள்ளே விடவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல்தான் அந்தத் தடைக்கு எதிராக உத்தரவிட்டது. டப்பிங் செய்ய முடியாதபோது, வேறு மொழியில் ஜெயித்த ஒவ்வொன்றையும் இங்கே புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கன்னட வீடுகள் வேண்டும், கன்னடத்தில் அழுகிற மனிதர்கள் வேண்டும்.

அந்த மனிதர்கள் ஏன் போனார்கள்? காசுக்கும் ஆசைக்கும் போனவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நியாயம் இல்லை. நான் மேலே சொன்ன பழமொழியை, அடி வாங்கி அம்மா வீட்டுக்கு ஓடிவந்த பெண்ணிடம் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. சாப்பிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்று. கணவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள், கர்நாடகத்தில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் 20.6 சதவீதம். 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 44.4 சதவீதம். மற்ற மாநிலங்களைவிட அதிகம். அடி இரு மடங்கானதா, சொல்லும் தைரியம் கூடியதா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும், பத்தில் நான்கு வீட்டுக்கு மேல் சாப்பிட்டுப் படுத்தும் முடியாத ஒன்று இருந்திருக்கிறது.

அந்தப் பெண் எங்கே போவாள்? பெங்களூரில் இடங்கள் இல்லாமல் இல்லை. விமோசனா என்ற பெண்கள் அமைப்பு 1979-லிருந்து இருக்கிறது. போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் வனிதா சகாயவாணி என்ற பெண்கள் உதவி மையம் இருக்கிறது. சித்தையா ரோட்டில் 'நியாய தேகுல' கட்டடத்தில் குடும்ப நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாழ்வாரம் முழுக்க ஆட்கள். பிளாஸ்டிக் கவரில் கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு நகல். கணவன் பக்கத்தார் ஒரு சுவரோரம், மனைவி பக்கத்தார் எதிர்ச் சுவரோரம், நடுவில் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தை. பெயர் கூப்பிடுவார்கள், வாய்தா வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். சம்மன் அனுப்பினாலும் வராத கணவன், சேனல் வண்டி வாசலில் வந்து நின்றால் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறுவான். நீதிமன்றத்தில் இரண்டு வருஷம் எடுப்பது ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. குறைந்தபட்சம் அப்படித் தோன்றுகிறது. தன் கதையை யாரோ முழுசாகக் கேட்டார்கள் என்பதே சிலருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

சட்டம் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அச்சட்டப்படி நடக்கும் எந்த வழக்கையும் மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது. அதைப் பற்றி எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் முன் அனுமதியோடு விலக்கு. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும், கணவன் மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே கதவை மூட வேண்டும் என்கிறது. அதே நியாய தேகுலவில் 2007 ஜனவரி 1 முதல் இயங்கும் சமரச மையத்துக்குப் போனால் இன்னும் கறார். அங்கே பேசியது எதையும் பின்னால் வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. இரண்டு பக்கத்தாரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள், ஒருவர் ரகசியமாகச் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. கோபத்தில் வந்த வார்த்தை அந்த அறையிலேயே செத்துப்போக வேண்டும் என்பதுதான் இத்தனை ஏற்பாட்டுக்கும் பின்னால் உள்ள எண்ணம். பாட்டியின் பழமொழியைத்தான் சட்டம் தன் பாஷையில் எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் 22-ஆம் பிரிவு வழக்குக்குத்தான் பொருந்தும், சண்டைக்குப் பொருந்தாது. மனு போட்ட பிறகுதான் அந்தக் கதவு மூடும். அதற்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டால் மூடுவதற்குக் கதவே இல்லை. குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது அந்த இடைவெளியில்தான். 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு இடைக்காலத் தடை போட்டது. தனிமனிதர்களின் அந்தரங்கம் வெளிச்சத்துக்கு வருகிறது என்ற வழக்கில் வந்த தடை அது.

அரசமரத்தடிப் பஞ்சாயத்தும் நாலு பேர் முன்னால்தானே நடந்தது என்று கேட்கலாம். அதை நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். சாதி பார்த்தது, பெண்ணைப் பேசவிடவில்லை, பல இடங்களில் இன்றும் விடுவதில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்ன ஆள் மறுநாளும் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழித்தாக வேண்டும். அவர் வீட்டுக் காரியத்துக்கு அவர்கள் வர வேண்டும். சொன்னது தப்பாகப் போனால் அதன் பலனை அவரும் அனுபவிப்பார். தொகுப்பாளர் எவ்வளவு அக்கறையோடு பேசினாலும், நாளைக்கு அந்த சோபாவில் வேறொரு குடும்பம். பார்க்கிற நமக்கோ அந்தப் பொறுப்பும் கிடையாது. லட்சுமி ராமகிருஷ்ணன் ஆற்றாமையோடு சொன்ன ஒரு வாக்கியம் காமெடி நிகழ்ச்சிக்குப் போய், அங்கிருந்து சினிமாப் பாட்டுக்குப் போய், கல்லூரி வாசல்களில் கேலிப் பேச்சானது நினைவிருக்கும். அந்த வாக்கியம் ஒரு பெண்ணின் அழுகைக்கு நடுவே சொல்லப்பட்டது.

வசதி உள்ளவர்கள், புகழ் உள்ளவர்களின் கதை வேறு மாதிரி. அதற்கு மைசூர் சாலையில் பிடதி வரை போக வேண்டும். 'பிக் பாஸ் கன்னடா' 2013-இல் தொடங்கியபோது வீடு மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் இருந்தது. பிறகு பிடதிக்கு வந்தது. ஆரம்பத்திலிருந்து நடிகர் சுதீப் நடத்துகிறார். ஐந்தாம் சீசனில் ஜெயித்தவர் பாடகர் சந்தன் ஷெட்டி. அதே வீட்டில் இருந்தவர் நிவேதிதா கௌடா. 2019 அக்டோபரில் மைசூர் யுவ தசரா மேடையில், கூட்டத்தின் முன்னால் சந்தன் அவருக்கு மோதிரம் போட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார். அரசு மேடையைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியதாகப் புகார் கிளம்பி, மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. 2020 பிப்ரவரியில் கல்யாணம். 2024 ஜூன் 7-இல் பெங்களூர்க் குடும்ப நீதிமன்றத்தில் இருவர் சம்மதத்தோடு விவாகரத்து.

இதை ரியாலிட்டி ஷோ முறித்த கல்யாணம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு இளைஞர்கள் பிடித்துப்போய்ச் சேர்ந்தார்கள், ஒத்துவரவில்லை என்று பிரிந்தார்கள். சண்டை இழுக்காமல் பிரிந்த விதம் மரியாதையானது. என்னைச் சங்கடப்படுத்தியது அதற்கு மூன்று நாள் கழித்து நடந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். ஜீவனாம்சம் எவ்வளவு, மூன்றாம் ஆள் யார் என்று ஊர் பேசியதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். எதை யாரும் வெளியிடக் கூடாது என்று சட்டம் கதவைச் சாத்துகிறதோ, அதை அவர்களே வெளியே வந்து விளக்க வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் அந்த வீட்டில் அவர்களைக் கண்டார்கள், மேடையில் மோதிரத்தைக் கண்டார்கள், கல்யாணத்தையும் கண்டார்கள். மாமன் மச்சான் உரிமை தங்களுக்கு வந்துவிட்டதாக நினைத்தார்கள். மாமன் மச்சானுக்கு உள்ள கடமை மட்டும் வரவில்லை.

தமிழில் இதைவிடத் துணிந்து ஒன்று செய்தார்கள். 2018-இல் 'பிக் பாஸ்' தமிழ் இரண்டாம் சீசனில், பிரச்சினையால் பிரிந்திருந்த நடிகர் தாடி பாலாஜியையும் அவர் மனைவி நித்யாவையும் ஒரே வீட்டுக்குள் அனுப்பினார்கள். சேர்ந்துவிடுவார்களா என்பதே அந்த சீசனின் முதல் வாரங்களின் கதை. நித்யா சில வாரங்களில் வெளியேறினார். அதன் பிறகும் அவர்கள் தகராறு செய்தியாகிக்கொண்டே இருந்தது. சமாதானம் ஆக வேண்டிய இருவருக்கு முதலில் தேவை, யாரும் பார்க்காமல் தோற்றுப்போக ஓர் இடம். "சரி, விடு" என்று ஒருவர் சொல்வது, பார்க்க ஆள் இல்லாதபோது எளிது. கேமரா முன்னால் அதே சொல் தோல்வியாகத் தெரியும், அல்லது நடிப்பாக.

இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவில் 1973-இல் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். காட்டிய 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி'. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பில் லவுட், பாட் லவுட் தம்பதியையும் ஐந்து பிள்ளைகளையும் ஏழு மாதம் படம் எடுத்தார்கள். 300 மணி நேரப் பதிவு, 12 பகுதிகளாயிற்று. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட் கணவரிடம் விவாகரத்துக் கேட்டார். தங்களை வெட்டி ஒட்டிக் காட்டிய விதம் சரியில்லை என்று அந்தக் குடும்பம் பின்னர் குறைப்பட்டுக்கொண்டது. 25 மணி நேர வாழ்க்கை ஒரு மணி நேரமாகச் சுருங்கும்போது முதலில் கழிந்துபோவது ஒன்றும் நடக்காத பொழுதுகள்: ஒருவர் துணி மடிக்க இன்னொருவர் பேப்பர் படிக்கும் நேரம். கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி அதுதான். முப்பதாண்டுக்குப் பிறகு, மகன் லான்ஸ் சாகும் தறுவாயில் ஆசைப்பட்டதால், பில்லும் பாட்டும் மறுபடி ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். அந்தச் சேர்க்கை நடந்தபோது வீட்டுக்குள் தொடர் எடுக்கும் கேமரா இல்லை.

பார்ப்பவர் வீட்டில் என்ன நடக்கிறது? ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் 2001 முதல் 2003 வரை நடத்திய ஆய்வு, கிராமத்துக்குக் கேபிள் டிவி வந்த பிறகு மனைவியை அடிப்பது சரிதான் என்ற எண்ணம் பெண்களிடையே குறைந்ததைக் காட்டியது. ஆண் பிள்ளை ஆசையும் தணிந்தது. பிரேசிலில் அல்பெர்ட்டோ சோங், எலியானா லா ஃபெராரா இருவரும் குளோபோ சேனல் எட்டிய ஊர்களில் பிரிந்து வாழும் பெண்கள் கூடியதைக் கண்டார்கள். இவை கேபிளைப் பற்றியும் தொடர்களைப் பற்றியும் ஆனவை. பதின்வயதுத் தாய்மார்களைக் காட்டிய எம்.டி.வி. ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்று அந்த வயதுப் பிரசவங்களைக் குறைத்தது என்று அமெரிக்காவில் இருவர் எழுத, அந்தக் கணக்கே நிற்காது என்று வேறு மூவர் மறுத்தார்கள். எனக்குத் தோன்றுவது இது: டிவி பெண்ணுக்கு வார்த்தை கொடுத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுத்தது. அந்த வார்த்தையை எங்கே போய்ச் சொல்வது என்ற இடத்தில்தான் கோளாறு.

2019 மே மாதம் பிரிட்டனில், 14 ஆண்டுகளாக ஓடிய 'ஜெரமி கைல் ஷோ' நிறுத்தப்பட்டது. அதுவும் குடும்பச் சண்டையைப் பார்வையாளர் முன் தீர்த்துவைத்த நிகழ்ச்சி. அதில் பங்கேற்ற ஒருவர் இறந்துபோனதுதான் காரணம். பிறகு அங்கே நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம், பங்கேற்பவர் நலனைச் சேனல்கள் கவனித்தாக வேண்டும் என்று 2021-இல் விதி சேர்த்தது. நம் ஊரில் அரசு பிடதி வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை என்று சொல்ல முடியாது. 2024-இல் 'நரகம்' என்ற பகுதியில் போட்டியாளர்களை நடத்திய விதம் பற்றி மாநில மகளிர் ஆணையம் கேட்டது. 2025 அக்டோபரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீர் விவகாரத்தில் வளாகத்தையே மூடி, போட்டியாளர்களை வெளியே அனுப்ப வைத்தது. சில நாளில் நிகழ்ச்சி தொடர்ந்தது. அந்த வீட்டைவிட்டு வெளியே வந்த ஆணும் பெண்ணும், அந்த சோபாவிலிருந்து எழுந்து ஊருக்கு பஸ் ஏறிய தம்பதியும் அடுத்த மாதம் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும் அதே அளவுக்குக் கறாரான கடமையாக வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது வட்டாராக்கள் இடிந்து நான்கு மாடிகளாகிவிட்டன. ஒரு ஹாலில் ஒரு டிவி என்பதும் போய்விட்டது. அம்மா ஒரு போனில், பிள்ளை ஒரு போனில், ஆளுக்கொரு துண்டுக் காட்சி. பழைய நிகழ்ச்சிகள் நின்றுபோனாலும் பகுதிகள் யூடியூபில் இருக்கின்றன. ராத்திரி ஒளிபரப்பாகிக் காற்றில் போயிருந்தால் ஊர் ஒரு மாதத்தில் மறந்திருக்கும். தேடினால் கிடைக்கும் என்றான பிறகு மறப்பது யார் கையிலும் இல்லை.

2017 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தந்தை வந்தார். அவர் மகள் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். பின்னால் எல்லாம் சமாதானமாக முடிந்தது. ஆனால் மகள் பெயரை இணையத்தில் தேடினால் பழைய உத்தரவு வந்து நிற்கும் என்று தந்தைக்குப் பயம். நீதிபதி ஆனந்த் பைரரெட்டி, பெண்கள் சம்பந்தப்பட்ட இதுபோன்ற விஷயங்களில் மறக்கப்படும் உரிமையை மதிக்க வேண்டும் என்று சொல்லி, இணையத் தேடலில் அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளப் பதிவகத்துக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, பெங்களூர்க்காரர்.

பழைய பகுதிகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அம்மா அழும்போது மடியில் உட்கார்ந்து, எந்த கேமராவைப் பார்ப்பது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்க்கும் ஆறு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு இப்போது கல்லூரி வயது, சிலருக்கு வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அந்தத் தந்தை நீக்கச் சொன்னது ஓர் உத்தரவின் தலைப்பில் இருந்த பெயரை. இங்கே முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, அப்பா அம்மாவைச் சொன்ன வார்த்தை இருக்கிறது, கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்கள் இருக்கின்றன. போன வாரம்கூட ஒருவர் புதிதாக எழுதியிருந்தார்.